ஷூட்டிங்குக்கு நிஜ விமானம் வருகிறது, எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கால்ஷீட் கந்தல்:

வணக்கம். ஒரு படத்தில் மூன்றாவது அசிஸ்டென்டாக இருக்கிறேன். அடுத்த மாதம் ஒரு தனியார் ஏர்ஸ்ட்ரிப்பில் மூன்று நாள் ஷூட். முதல் இரண்டு நாள் நான்கு சீட் செஸ்னா 172, மூன்றாம் நாள் ஹெலிகாப்டர். சீன் இதுதான்: பிளேன் நிற்கிறது, புரொப்பெல்லர் சுற்றுகிறது, ஹீரோ அதற்கு முன்னால் கேமராவைப் பார்த்து நடந்து வருகிறார், வில்லன் ஆட்கள் ஜீப்பில் வந்து இறங்கியதும் திரும்பி ஓடிப்போய் பிளேனில் ஏறுகிறார். மூன்றாம் நாள் ஹெலிகாப்டர் தரையிலிருந்து கொஞ்சம் மேலே நிற்க, கீழே இரண்டு வெடி.

யூனிட்டில் எண்பது பேர் இருப்போம். அதில் சின்ன விமானத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தவர்கள் பத்துப் பேர் தேறினால் அதிகம், நானும் அந்தப் பத்தில் இல்லை. கோ-டைரக்டரிடம் கேட்டேன். "நாலு கார் சேஸ் எடுத்தாச்சு, பிளேன் என்னடா பெரிய விஷயம், பைலட் பார்த்துக்குவார்" என்று முடித்துவிட்டார். ஆனால் ஆட்களை எங்கே நிறுத்துவது, யார் எப்போது உள்ளே போகலாம் என்பதெல்லாம் கடைசியில் என் தலையில்தான் வந்து விடியும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.

பழைய ஸ்பானர்:

தம்பி, நான் சின்ன விமானங்களைப் பராமரிக்கிற வேலையில் முப்பது வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன். வாடகைக்குப் போகிற விமானத்தோடு ஷூட்டிங்குக்கும் பலமுறை போயிருக்கிறேன். உங்கள் கோ-டைரக்டரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். கார் நகர்ந்து வந்துதான் ஆளை அடிக்கும், பிளேன் நின்ற இடத்தில் நின்றபடியே ஆளைக் கொல்லும்.

புரொப்பெல்லர் வேகமாகச் சுற்றும்போது கண்ணுக்குத் தெரியாது, வெறும் காற்று மாதிரி இருக்கும். செஸ்னாவின் புரொப்பெல்லர் முனைக்கு முனை கிட்டத்தட்ட 1.9 மீட்டர். நிமிஷத்துக்கு 2,400 சுற்று சுற்றினால் அதன் முனை மணிக்கு 850 கிலோமீட்டருக்கு மேல் போகிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். இதில் சினிமாக்காரர்களுக்கென்று தனியாக ஒரு ஆபத்து இருக்கிறது. கேமராவின் ஷட்டரால் மானிட்டரில் அதே புரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றுகிற மாதிரி, சில சமயம் நின்றுவிட்ட மாதிரியே தெரியும். மானிட்டரைப் பார்த்துக்கொண்டு மைக்கில் "இன்னும் கொஞ்சம் பின்னால போங்க சார்" என்று சொல்கிறவருக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது.

எஞ்சின் அணைந்த பிறகும் அதைத் தொடக் கூடாது. ஏன் என்றால், இந்த எஞ்சின்களில் தீப்பொறி மேக்னெட்டோ என்ற பாகத்திலிருந்து வருகிறது, எஞ்சின் சுற்றினாலே அது மின்சாரம் உண்டாக்கும், அதற்கு பேட்டரி தேவையில்லை. சாவியை ஆஃப் செய்வது என்றால் மேக்னெட்டோவை ஒரு வயர் வழியாக எர்த் பண்ணுவது, அவ்வளவுதான். அந்த வயர் எங்கேயாவது விட்டுப்போயிருந்தால் சாவி சட்டைப்பையில் இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடுதான் இருக்கிறது. ஹீரோ ஸ்டைலாக பிளேடைப் பிடித்து லேசாகத் திருப்புகிறார், சிலிண்டரில் மிச்சமிருந்த பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்கிறது, ஒரே ஒரு சுற்று. கை போக அது போதும். புரொப்பெல்லரில் சாய்ந்து போஸ்டர் ஸ்டில் எடுக்க ஆசைப்படாத ஹீரோவை நான் இதுவரை பார்த்ததில்லை! ஸ்டில் போட்டோகிராபரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

உங்கள் சீனுக்கு வருகிறேன். புரொப்பெல்லர் சுற்ற, ஹீரோ முன்னால் நடப்பது: தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டுகிற டெலி லென்ஸ் போட்டால் நன்றாகத் தள்ளி நிற்கிற பிளேன்கூட ஹீரோவின் தோளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும், இது உங்கள் கேமராமேனுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எவ்வளவு தள்ளி என்பதை பைலட் சொல்லட்டும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்திருக்க வேண்டும், எஞ்சின் ஓடுகிற வரை பைலட் சீட்டில் பைலட்தான் உட்கார்ந்திருக்க வேண்டும், அவருடைய சட்டையைப் போட்ட டூப் இல்லை. ஹீரோ ஓடிப்போய் ஏறுவது எஞ்சின் அணைத்த ஷாட். காற்றுக்குப் பெரிய ஃபேன், சத்தத்துக்கு டப்பிங் தியேட்டர், மிச்சத்தை எடிட்டர் பார்த்துக்கொள்வார். ஓடுகிற எஞ்சினை வைத்துக்கொண்டு யாரையும் ஏற்றவோ இறக்கவோ வேண்டாம். 2011 டிசம்பரில் அமெரிக்காவின் டாலஸ் பக்கத்தில் ஓர் இளம்பெண் சின்ன விமானத்தில் கிறிஸ்துமஸ் விளக்குகளைப் பார்த்துவிட்டு இறங்கினார், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, இடது கையும் ஒரு கண்ணும் போனது. ஷூட்டிங் அவசரம்கூடக் கிடையாது அங்கே.

அப்புறம் தெர்மோகோல். முகத்துக்கு லைட் அடிக்க நீங்கள் பிடிக்கிற தெர்மோகோல் ஷீட், டைரக்டருடைய பெரிய குடை, ஆர்ட்டிஸ்டுக்குக் குடை, பிளாஸ்டிக் டீ கப், ஹீரோயினுடைய துப்பட்டா, இதெல்லாம் எஞ்சின் போட்டவுடன் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. முன்னால் இருப்பதை உள்ளே இழுக்கும், பின்னால் இருப்பதை வீசி எறியும்.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் சாமி கும்பிடுகிறவன்தான். செஸ்னாவுக்குப் பெட்ரோல் டேங்க் இரண்டு இறக்கைக்குள்ளும் இருக்கிறது. அந்த இறக்கைக்கு அடியில் நின்று கற்பூரத் தட்டைச் சுற்றாதீர்கள். பூசணிக்காய் உடைப்பதையும் கேட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஷூட்டில் பூசணிக்குள் போட்ட சில்லறை தரையில் சிதறிக் கிடந்தது யாருக்கும் தெரியவில்லை, எஞ்சின் போட்டதும் ஒரு காசு எழும்பி பிளேடில் பட்டுப் பள்ளம் விழுந்துவிட்டது. திருஷ்டி கழிக்கப் போய் அன்றைக்கு மதியமே பேக்கப்.

ஃபோகஸ் போச்சு:

பெரியவர் சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு, பின்னோக்கி நடக்கிற கேமராமேன். நான் ஃபோகஸ் புல்லர், கேமராவின் ஃபோகஸைப் பார்த்துக்கொள்கிற அசிஸ்டென்ட். ஒரு ஷூட்டில் கிம்பலில் (ஆட்டம் தெரியாமல் கேமராவைத் தாங்குகிற கருவி) கேமராவை வைத்துக்கொண்டு ஆர்ட்டிஸ்ட்டைச் சுற்றி அரைவட்டம் போக வேண்டும், ரிகர்சலில் எஞ்சின் ஓடவில்லை, டேக்கில் ஓடியது. ஆபரேட்டர் கண் முழுக்க ஸ்கிரீனில், ஆர்ட்டிஸ்ட் கொஞ்சம் வேகமாக முன்னால் வந்துவிட்டார், இவரும் அதே வேகத்தில் பின்வாங்குகிறார். விமானத்தோடு வந்த மெக்கானிக் ஓடிவந்து பேன்ட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். அப்போது புரொப்பெல்லருக்கும் அவர் முதுகுக்கும் எவ்வளவு இடைவெளி இருந்தது என்று நான் இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். அன்று முழுக்க எனக்குக் கை நடுங்கியது, எடுத்த ஒரு ஷாட்டிலும் ஃபோகஸ் இல்லை.

அதிலிருந்து எனக்கு ஒரு கண்டிப்பு. வியூஃபைண்டரில் கண் வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள், அவருக்கு வேறு எந்த வேலையும் கிடையாது. ஷாட்டைப் பார்க்கக்கூட கூடாது, புரொப்பெல்லரை மட்டும் பார்க்க வேண்டும்.

எஞ்சின் போட்டபின் நீங்கள் கத்துவது யாருக்கும் கேட்காது, வாக்கி-டாக்கியிலும் வெறும் இரைச்சல்தான். அதனால் கை சைகையை முன்கூட்டியே முடிவு செய்து எல்லோரையும் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள், டீ கொடுக்கிற தம்பி உட்பட. எங்கள் யூனிட்டில் இரண்டு கையையும் தலைக்கு மேல் எக்ஸ் மாதிரி வைத்தால் கட், உடனே எஞ்சின் ஆஃப். யார் காட்டினாலும் ஆஃப். ஆன் பண்ணச் சொல்ல மட்டும் ஒரே ஓர் ஆள்.

நைட் எஃபெக்ட் இருந்தால் லைட் யூனிட்டையும் கவனியுங்கள். இறங்கி வருகிற பைலட்டின் கண்ணுக்கு நேராக ஒரு பெரிய லைட்டைத் திருப்பினால் அவருக்குக் கொஞ்ச நேரம் ரன்வேயே தெரியாது.

பட்டுவாடா:

நான் புரொடக்ஷன் மேனேஜர், மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எல்லோரும் சொல்வதைச் செய்தால் ஒரு நாளைக்கு நாலு ஷாட்தான் எடுக்க முடியும். விமான வாடகை மணிக்கணக்கில் ஏறும், ஹீரோ கால்ஷீட் அதைவிட. இருபது வருஷமாக ஹெலிகாப்டர் வைத்து எடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே. பைலட் ஓகே சொன்னால் ஓகே. அசிஸ்டென்ட் பையன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால் படம் எப்போது முடியும்?

ரெட்ஹில்ஸ் தாண்டி:

பட்டுவாடா சார், "ஒன்றும் ஆகவில்லையே" என்பதற்கு எங்கள் ஊரே பதில் சொல்லும். சோழவரம் ஏர்ஸ்ட்ரிப், உலகப் போர் காலத்தில் போட்டது, பிற்பாடு கார் ரேஸ் நடந்த இடம். 1980 நவம்பர் 16 அன்று அங்கேதான் மலையாள நடிகர் ஜயன் இறந்தார். 'கோளிளக்கம்' படத்தின் கிளைமாக்ஸ். ஓடுகிற மோட்டார் பைக்கிலிருந்து எழும்பி ஹெலிகாப்டரைப் பிடித்துத் தொங்க வேண்டும். டூப் இல்லை, அவரே செய்தார். முதலில் எடுத்ததே ஓகே ஆகிவிட்டது, திருப்தி இல்லாமல் இன்னொரு டேக் கேட்டது அவர்தான் என்று இன்றைக்கும் சொல்வார்கள். அந்த டேக்கில் ஹெலிகாப்டர் தடுமாறி, அவர் தொங்கிக்கொண்டிருக்கும்போதே தரையில் மோதியது. 41 வயது. உள்ளே இருந்த பைலட்டும் பாலன் கே. நாயரும் பிழைத்தார்கள். என் அப்பா அந்த வழியாக சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், அந்த வாரம் கேரளாவிலிருந்து வந்த கூட்டத்தைப் பற்றி இப்போதும் பேசுவார்.

கால்ஷீட் தம்பி, உங்களுடைய மூன்றாம் நாளைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையில் பகீர் என்றது. ஹெலிகாப்டர் மேலே, வெடி கீழே. 1982 ஜூலை 23, அதிகாலை இரண்டேகால் மணிபோல, கலிஃபோர்னியாவில் 'ட்விலைட் ஸோன்' படத்துக்கு எடுத்தது கிட்டத்தட்ட இதே ஷாட். வியட்நாம் போர் சீன், ஆற்றுக்கு மேலே ஏழெட்டு மீட்டர் உயரத்தில் ஹெலிகாப்டர், கீழே நடிகர் விக் மாரோ இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் ஓடுகிறார். வெடி ஹெலிகாப்டரின் வாலைப் பதம் பார்த்தது. வாலில் சுற்றுகிற சின்ன விசிறியான டெயில் ரோட்டார் போனால் ஹெலிகாப்டர் தன்னைத் தானே சுற்ற ஆரம்பிக்கும், பைலட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அது நேராக அவர்கள் மூவர் மேலேயே விழுந்தது. குழந்தைகளில் ஒன்றுக்கு ஏழு வயது, இன்னொன்றுக்கு ஆறு. இரவு வேலைக்கு அவர்களை அனுமதியே வாங்காமல் கூட்டி வந்திருந்தார்கள். ஹெலிகாப்டரில் இருந்த ஆறு பேருக்கும் லேசான காயம்தான். டைரக்டர் உட்பட ஐந்து பேர் மீது வழக்கு நடந்து 1987-இல் எல்லோரும் விடுதலை. ஹாலிவுட்டில் ஹெலிகாப்டருக்குத் தனி, இறக்கை விமானத்துக்குத் தனி என்று எழுதிவைத்த பாதுகாப்பு விதிகள் வந்தது இதற்கப்புறம்தான்.

பக்கத்து மாநிலத்தில் 2016 நவம்பர் 7-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். பெங்களூர் பக்கம் திப்பகொண்டனஹள்ளி ஏரி, 'மாஸ்தி குடி' கன்னடப் படம், மூன்று பேர் ஹெலிகாப்டரிலிருந்து தண்ணீரில் குதித்தார்கள். ஹீரோ பிழைத்தார், வில்லன் வேஷம் போட்ட இருவரும் மூழ்கிவிட்டார்கள். அவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை. அங்கே ஹெலிகாப்டருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை, அதை ஓட்டியவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். "பைலட் ஓகே சொன்னால் ஓகே" என்பது அந்த ஏரியில் எதற்கு உதவியது சார்?

லெஃப்ட் சீட்:

பைலட் பேசுகிறேன். பட்டுவாடா சார் சொன்னதில் பாதி சரி. பைலட் "முடியாது" என்றால் அதோடு முடிந்தது, அதற்கு மேல் யாரிடமும் அப்பீல் இல்லை. ஆனால் பைலட் "ஓகே" என்றால் அது விமானத்துக்கு மட்டும்தான் ஓகே. எனக்குப் பின்னால் தெர்மோகோலோடு நிற்கிற லைட்மேனை என்னால் பார்க்கவே முடியாது. இன்னொன்றும் வெளிப்படையாகச் சொல்கிறேன், ஒரு பெரிய ஹீரோவும் டைரக்டரும் சேர்ந்து நின்று "இன்னும் கொஞ்சம் தாழ்வா வாங்க கேப்டன், ஒரே ஒரு தடவை" என்று கேட்கும்போது இல்லை என்று சொல்வது எங்களில் பலருக்குக் கஷ்டம். நானே ஒருமுறை சரி என்று சொல்லிவிட்டு ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறேன். அதனால் உயரமும் தூரமும் காலையில், யாருக்கும் சூடு ஏறாத நேரத்தில், வாயால் பேசி தாளில் எழுதப்பட வேண்டும். பிறகு ஸ்பாட்டில் மாற்றம் என்றால் எஞ்சினை அணை, எல்லோரையும் கூப்பிடு, மறுபடியும் பேசு. பத்து நிமிஷம் போகும், போகட்டும்.

ஹெலிகாப்டருக்கு: பைலட்டின் கண்ணுக்குத் தெரிகிற பக்கமாக மட்டும் வாருங்கள், அதுவும் அவர் தலையசைத்த பிறகு. வால் பக்கம் யாருமே போகக் கூடாது, டெயில் ரோட்டார் கண்ணுக்கே தெரியாது. தரை சரிவாக இருந்தால் மேட்டுப் பக்கத்திலிருந்து நெருங்கினால் மேலே சுற்றும் பிளேடு தலை உயரத்துக்கு வந்துவிடும். நீளக் கம்பில் மாட்டிய பூம் மைக்கைத் தோளில் சாய்த்து நிமிர்த்திக்கொண்டு வருகிறவரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும், இடுப்பு உயரத்தில் படுக்கைவாட்டில் பிடித்து வரச் சொல்லுங்கள். ஹெலிகாப்டர் மேலே இருக்கும்போது ட்ரோன் தரையில் பெட்டிக்குள், ஒரே வானத்தில் இரண்டும் கிடையாது. அந்த வெடி ஷாட்டை இரண்டாகப் பிரித்து எடுங்கள், சேர்ப்பது கிராஃபிக்ஸ்காரர் வேலை. நானாக இருந்தால் அதைச் சேர்த்துப் பறக்க மாட்டேன்.

செஸ்னாவில் ஏறி மேலிருந்து எடுக்கிற ஐடியா இருக்கிறதா? எடையைக் கேளுங்கள். 172 எஸ் மாடலுக்கு அதிகபட்ச எடை 1,157 கிலோ. வெறும் விமானமும் முழு டேங்க் பெட்ரோலும் போக மிச்சம் 250 கிலோ பக்கம்தான். நான், கேமராமேன், அவருடைய அசிஸ்டென்ட் உட்கார்ந்தாலே தீர்ந்தது, நாலாவது சீட் காலியாக இருக்கிறதே என்று டைரக்டர் ஏறினால் பெட்ரோலைக் குறைத்தாக வேண்டும். மே மாத மதிய வெயிலில் இன்னும் மோசம், சூடான காற்றில் இறக்கைக்கும் பிடிமானம் குறைவு, எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும், ரன்வே நீளமாகத் தேவைப்படும்.

வெளியே கேமரா மாட்டுவது விளையாட்டு இல்லை. 1985 செப்டம்பரில் 'டாப் கன்' படத்துக்காக ஆர்ட் ஷோல் கேமரா பொருத்திய பிட்ஸ் என்ற சாகச விமானத்தில் சுழன்று இறங்குகிற காட்சியை எடுக்கப் போனார், அமெரிக்காவின் மிகச்சிறந்த சாகச பைலட்களில் ஒருவர். சுழற்சியிலிருந்து மீளவில்லை, பசிபிக் கடலில் விழுந்தார், உடலும் கிடைக்கவில்லை, விமானமும் கிடைக்கவில்லை. காரணம் கடைசி வரை நிறுவப்படவில்லை. ஒரு சின்ன ஆக்ஷன் கேமராவை டேப் போட்டு இறக்கையில் ஒட்டலாமா என்று வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். விமான எஞ்சினியர் கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் ஒட்டும்.

கதவைக் கழற்றிவிட்டு ஹெலிகாப்டரிலிருந்து எடுப்பதாக இருந்தால், பெல்ட்டைத் தானே ஒரு கையால் கழற்ற முடிகிறதா என்று கேமராமேனைத் தரையில் கண்ணை மூடிக்கொண்டு செய்து பார்க்கச் சொல்லுங்கள். 2018 மார்ச் 11 அன்று நியூயார்க்கில் கதவில்லாத ஹெலிகாப்டரில் போட்டோ எடுக்கப் போன ஐந்து பயணிகளும் ஈஸ்ட் ரிவரில் மூழ்கி இறந்தார்கள். ஒருவருடைய பாதுகாப்புக் கயிறே கீழே இருந்த எரிபொருள் லீவரில் மாட்டி எஞ்சினை அணைத்துவிட்டது. தண்ணீரில் இறங்கி ஹெலிகாப்டர் கவிழ்ந்தபோது முதுகுப் பக்கம் கட்டியிருந்த கயிற்றை அவர்களால் அவிழ்க்க முடியவில்லை. சாதாரண பெல்ட் போட்டிருந்த பைலட் வெளியே வந்துவிட்டார்.

பட்டுவாடா:

அந்த 250 கிலோ கணக்கு எனக்குத் தெரியாது. எங்கள் அடுத்த ஷெட்யூலில் டைரக்டர், கேமராமேன் இரண்டு பேரையும் ஏற்றுவதாக இருந்தோம், இரண்டு பேரும் நூறு கிலோ. கேட்டுவிட்டு வருகிறேன்.

கால்ஷீட் கந்தல்:

எல்லோருக்கும் நன்றி. இன்று மதியம் இந்தப் பதில்களைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன். கோ-டைரக்டர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மடித்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் டைரக்டர் கூப்பிட்டு வெடி ஷாட்டைப் பிரித்து எடுக்கலாம் என்றார், கிராஃபிக்ஸ் செலவை யார் தலையில் கட்டுவது என்று தயாரிப்பாளரிடம் பேச்சு நடக்கிறது. ஹீரோ ஓடி ஏறுவது எஞ்சின் ஆஃப், இது முடிவு. பைலட்டையும் மெக்கானிக்கையும் முதல் நாளே வரவழைத்து மொத்த யூனிட்டுக்கும் அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறோம். பெல்ட் பிடிக்க ஆளாக என்னையே போட்டுவிட்டார்கள், நான்தானே ஆரம்பித்தேன்.

பூசணிக்காய் கேட்டுக்கு வெளியே. இதற்குத்தான் அதிக நேரம் வாதாட வேண்டியிருந்தது. ஸ்பானர் ஐயா, ஹீரோவின் பிஆர்ஓ புரொப்பெல்லர் ஸ்டில் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். புரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டு டம்மி மாட்டி எடுக்க முடியுமா?

பழைய ஸ்பானர்:

கழற்றினால் திரும்ப மாட்ட, போல்ட் இறுக்கம் (டார்க்) பார்க்க, கையெழுத்துப் போட, எஞ்சின் ஓட்டிப் பார்க்க என்று ஒரு நாள் போய்விடும் தம்பி. ஆர்ட் டைரக்டரிடம் சொல்லி மரத்தில் ஒன்று செய்து சுவரில் சாய்த்து வையுங்கள், அவர் இஷ்டத்துக்குக் கட்டிப்பிடித்துக்கொள்ளட்டும்.